ஒரு சிப்பம் அரிசிக்குள் எத்தனை லாரித் தண்ணீர்? நீர்த்தடக் கணக்கியைச் சென்னைக்கு வைத்துப் பார்த்த அனுபவம்

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பொருளாளர் பொறுப்புக்கு வந்ததிலிருந்து தண்ணீர் லாரிக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். 12,000 லிட்டர் லாரி எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு வந்தது, தரைத்தொட்டியில் எவ்வளவு ஏறியது, என்ன விலை என்று மட்டும் எழுதி வந்த அந்த நோட்டில் கடந்த ஆறு மாதங்களாக இன்னொரு பக்கமும் நிரம்பி வருகிறது. அரிசியாகவும் பாலாகவும் பருப்பாகவும் துணியாகவும் வீட்டுக்குள் வந்து சேரும் தண்ணீரின் கணக்கு அது. தமிழில் இதை மறைநீர் என்கிறோம். இந்தக் கணக்கைப் போட எனக்குக் கைகொடுத்தவை நெதர்லாந்தைச் சேர்ந்த வாட்டர் ஃபுட்பிரிண்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு இணையத்தில் இலவசமாகத் தரும் நீர்த்தடக் கணக்கியும், அதற்கு அடித்தளமாக இருக்கும் தரவு அட்டவணைகளும். ஒரு வீட்டுக்கு இவை எவ்வளவு பயன்படுகின்றன, ஒரு நகரத்துக்கே கணக்குப் போட வேண்டுமானால் எதுவரை இவற்றை நம்பிப் போகலாம் என்ற இரண்டு கேள்விகளோடு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

மறைநீர் என்ற கருத்தை 1993இல் முன்வைத்தவர் லண்டனைச் சேர்ந்த பேராசிரியர் டோனி ஆலன். தண்ணீர் இல்லாத மேற்காசிய நாடுகள் தானியத்தை இறக்குமதி செய்யும்போது, அதை விளைவிக்கத் தேவைப்பட்டிருக்கும் தண்ணீரையும் சேர்த்தே இறக்குமதி செய்கின்றன என்பது அவர் கண்டு சொன்னது. அதற்காக 2008இல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசும் பெற்றார். அந்தக் கருத்தை, ஒரு கிலோவுக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து எழுதக்கூடிய நீர்த்தடம் என்ற கணக்காக 2002இல் மாற்றியவர் நெதர்லாந்தின் ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா. நான் பயன்படுத்தும் அட்டவணைகள் அவரும் மெஸ்ஃபின் மெக்கோனனும் சேர்ந்து 1996 முதல் 2005 வரையிலான பத்தாண்டுத் தரவுகளைக் கொண்டு உருவாக்கியவை. ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று நிறங்களில் கணக்கு இருக்கும். மண்ணில் தங்கிப் பயிர் குடித்த மழை பச்சை நீர். ஆறு, ஏரி, கிணற்றிலிருந்து பாய்ச்சியது நீல நீர். கழிவின் அடர்த்தியைக் குறைத்து நீர்நிலையைத் தரமான நிலையில் வைத்திருக்கத் தேவைப்படும் நீரின் அளவு சாம்பல் நீர். இந்த மூன்று நிறங்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இந்தச் சேவையின் மதிப்பும் ஆபத்தும் இரண்டுமே இவற்றில்தான் இருக்கின்றன.

கணக்கி இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. சுருக்க வடிவம் நாடு, பாலினம், உணவுப் பழக்கம், ஆண்டு வருமானம் ஆகிய நான்கை மட்டும் கேட்டுவிட்டு விடையைச் சொல்லிவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய அது போதும். விரிவான வடிவம் தானியம், இறைச்சி, பால் பொருட்கள், காய், கனி ஆகியவற்றைத் தனித்தனியே கேட்கிறது. தேநீரும் காப்பியும் ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை, குளியல் எத்தனை நிமிடம், துணி வாரத்துக்கு எத்தனை முறை துவைக்கிறோம் என்பன வரை போகிறது. குளியல் பற்றிய கேள்விகள் ஷவரையும் குளியல் தொட்டியையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதால், வாளியில் குளிக்கும் வீட்டார் தங்கள் வாளிக் கணக்கை நிமிடக் கணக்காக மாற்றித்தான் இட வேண்டும். வருமானத்தை டாலரில் கேட்பதற்குக் காரணம், நாம் வாங்கும் ஆலைப் பொருட்களின் நீர்த்தடத்தை அதிலிருந்துதான் மதிப்பிடுகிறார்கள். தமிழில் இந்தச் சேவை இல்லை. ஆனாலும் என் தாயாருக்கு நான் ஒவ்வொரு கேள்வியாகப் படித்துச் சொன்னபோது, அரை மணி நேரத்தில் முழுவதையும் நிரப்பி முடித்தோம்.

என்னை உலுக்கியது கணக்கி சொன்ன விடையைவிட அட்டவணையில் இருந்த ஒற்றை வரி. வெள்ளை அரிசிக்கு உலகச் சராசரி கிலோவுக்கு 2,497 லிட்டர். எங்கள் வீட்டில் மாதம் ஒரு சிப்பம் தீரும். 25 கிலோ வரையிலான பைகளுக்கு 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பரவலாகிவிட்ட 26 கிலோ சிப்பம்தான் அது. பெருக்கிப் பார்த்தால் 64,922 லிட்டர். அதாவது எங்கள் குடியிருப்பின் வாசலில் ஐந்து லாரிகள் வந்து இறக்கிவிட்டுப் போன பிறகு, ஆறாவது லாரியும் பாதிக்குச் சற்றுக் குறைவாக நிரம்பி நிற்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் பாலுக்கு, லிட்டருக்கு 1,020 என்ற கணக்கில், மாதம் 45,900 லிட்டர். நான்கு கிலோ பருப்புக்கு, கிலோவுக்கு 4,055 வீதம், 16,220 லிட்டர். இந்த மூன்று பொருட்கள் மட்டுமே 1,27,042 லிட்டர். நகர்ப்புறத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற அளவுகோலின்படி நான்கு பேர் கொண்ட எங்கள் வீட்டுக்கு ஒரு மாதத்துக்குக் குழாயில் வர வேண்டியது 16,200 லிட்டர்தான். அதைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு, எண்ணெயையும் காய்கறியையும் துணியையும் சேர்க்காமலே, பைகளிலும் பாக்கெட்டுகளிலும் வந்து சேர்கிறது.

காப்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 125 மில்லி கோப்பைக்கு 130 லிட்டர் என்று அட்டவணை சொல்வது கறுப்புக் காப்பிக்கு. நம் வீட்டு ஃபில்டர் காப்பியில் 100 மில்லி பால் சேர்ந்தால் அதற்குத் தனியாக இன்னொரு 100 லிட்டர் ஆகிவிடும். காப்பித் தூளின் தண்ணீரில் பெரும்பகுதி மலைச்சரிவில் பெய்த மழை. பாலின் தண்ணீர் அந்த மாட்டுக்கு வைத்த தீவனத்தைப் பொறுத்தது.

இனி இந்தச் சேவை எங்கே தடுமாற வைக்கிறது என்பதற்கு வருகிறேன். விரிவான கணக்கியில் தானியம் முழுவதற்கும் ஒரே கட்டம்தான். அரிசியா, கோதுமையா, கம்பா என்ற வேறுபாடு அந்தக் கட்டத்துக்குள் மறைந்துவிடுகிறது. வேறுபாட்டைத் தேடி அட்டவணைக்குப் போனால், கம்பு, கேழ்வரகு, தினை போன்ற சிறுதானியங்களுக்கு உலகச் சராசரி கிலோவுக்கு 4,478 லிட்டர் என்று இருக்கிறது. அரிசியாகத் தீட்டுவதற்கு முந்தைய நெல்லுக்கோ 1,673 லிட்டர். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர், கம்பங்கூழை விட்டுவிட்டுச் சோறு சாப்பிடுவதுதான் தண்ணீரைச் சேமிக்கும் வழி என்ற முடிவுக்கு நேர்மையாகவே வந்துவிடுவார். நிறங்களைப் பிரித்துப் பார்த்தால் கதை தலைகீழாகிறது. சிறுதானியத்தின் 4,478 லிட்டரில் 4,306 லிட்டர் மானாவாரி நிலத்தில் விழுந்த மழை. நீல நீர் 57 லிட்டர் மட்டுமே. நெல்லில் நீல நீர் 341 லிட்டர், ஆறு மடங்கு. புன்செய் நிலத்தில் விளைச்சல் குறைவு என்பதால் கிலோவுக்கான மொத்த எண் பெரிதாகிறதே தவிர, அந்த மழையை வேறு யாருடைய குடத்திலிருந்தும் கம்பு எடுத்துக்கொள்ளவில்லை. அட்டவணையில் இவ்வளவு துல்லியமாக இருக்கும் நிறப் பிரிவைக் கணக்கியின் விடைப் பக்கம் காட்டாமல் மொத்தத்தை மட்டும் தருவதுதான் இந்தச் சேவையைப் பற்றி எனக்கு இருக்கும் முதன்மையான மனக்குறை. மறைநீர் என்றாலே பெரிய எண்ணைச் சொல்லி வியப்பூட்டும் கட்டுரைகள் தமிழில் நிறைய வந்துவிட்டன. அந்த வியப்பு, மானாவாரி விவசாயிக்கு எதிரான சாட்சியாக மாறிவிடக் கூடாது என்பதில் எனக்கு உண்மையான கவலை இருக்கிறது.

அட்டவணைகளைப் பயன்படுத்துவோர் இன்னும் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். நெல் வயலில் தேங்கி நின்று கீழே இறங்கும் தண்ணீர் இந்தக் கணக்கில் சேராது. இதே ஆய்வுக் குழுவினர் நெல்லுக்கென்று தனியாகச் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, டன்னுக்கு 1,025 கன மீட்டர் இப்படி மண்ணுக்குள் இறங்குவதாகச் சொல்கிறது. அந்தத் தண்ணீர் பக்கத்துக் கிணற்றில் ஊறி மறுபடியும் கிடைக்கலாம் என்பதால் அதை இழப்பாக எழுதாமல் விட்டது சரியே. ஆனால், மோட்டார் போட்டு அதை ஒருமுறை மேலே ஏற்றிய விவசாயியின் மின்சாரமும் உழைப்பும் இந்தக் கணக்கில் தெரியாது. மற்றொன்று சாம்பல் நீர். பயிர்களுக்கான சாம்பல் நீர் தழைச்சத்து உரத்தின் கசிவை மட்டும் கொண்டு கணிக்கப்பட்டது. பூச்சிக்கொல்லி அதில் இல்லை. தோலுக்குக் கிலோவுக்கு 17,000 லிட்டர் என்ற எண்ணின் பெரும்பகுதி மாட்டின் தீவனத்துக்கானது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதப்படுத்திய தோல் செருப்பாகவும் பையாகவும் சென்னைக் கடைக்கு வரும்போது, அதோடு பாலாற்றங்கரைக் கிணறுகளின் கதையும் வருகிறது. தோல் ஆலைக் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அளவுக்குப் போன அந்தக் கதையை, 17,000 என்ற எண்ணை மட்டும் படிப்பவர் ஒருபோதும் அறிய முடியாது.

வீட்டிலிருந்து நகரத்துக்குப் போவோம். இந்த அமைப்பின் கணக்கில் ஓர் இந்தியரின் சராசரி நீர்த்தடம் ஆண்டுக்கு 1,089 கன மீட்டர். உலகச் சராசரியோ 1,385. விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சிப் பகுதியில் 2011இல் வாழ்ந்த சுமார் 67 லட்சம் பேரால் நான் இதைப் பெருக்கியபோது கிடைத்தது ஏறக்குறைய 258 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் நிரம்பினால் கொள்ளும் அளவு 11.257 டி.எம்.சி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47. காவிரி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் பிலிகுண்டுலுவில் கிடைக்க வேண்டும் என்று வகுத்தது 177.25. இந்த எண்களை வரிசையாக எழுதியபோது என் கை ஒரு கணம் நின்றது. ஆனால் 258 என்பதில் மழையும் சேர்ந்திருக்கிறது. அணை நீரோடு அதை நேராக ஒப்பிடுவது மேலே சொன்ன கம்புத் தவற்றையே நகர அளவில் மறுபடியும் செய்வதாகும். இந்தியாவின் மொத்த உற்பத்தி நீர்த்தடமான ஆண்டுக்கு 1,182 பில்லியன் கன மீட்டரில் நீல நீர் 243. ஐந்தில் ஒரு பங்கு. அதே விகிதத்தைச் சென்னைக்கும் வைத்தால் 50 டி.எம்.சி.யைச் சற்றுத் தாண்டுகிறது. அதுவும் நான்கு ஏரிகளைப் போல நாலரை மடங்குக்கு மேல். இது என் தோராயக் கணக்கு. மாநகராட்சியின் கணக்கும் அல்ல, அந்த அமைப்பின் கணக்கும் அல்ல. ஒப்பிட்டுப் பேசத் தகுந்த எண் இந்த நீல எண்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு வில்லிவாக்கத்துக்கு வந்த ரயிலைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். நீல நீரை மட்டும் எடுத்துக்கொண்டு, நெல்லில் அதற்கு உள்ள விகிதத்தையே அரிசிக்கும் வைத்தால், உலகச் சராசரிப்படி ஒரு சிப்பம் அரிசிக்குள் 13,000 லிட்டருக்குச் சற்று அதிகம். அந்த முழு ரயிலின் தண்ணீரும் ஏறத்தாழ 189 சிப்பங்களுக்குள் அடங்கிவிடும். ஐந்து டன்னுக்கும் குறைவான அந்தச் சுமையை ஏற்றிக்கொண்டு ஒரே ஒரு லாரி, யார் கண்ணிலும் படாமல், அதிகாலையில் நகருக்குள் நுழைந்துவிடுகிறது.

அந்த லாரி எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் நகரக் கணக்கில் மிகக் கடினமானது. பெர்லின், டெல்லி, லாகோஸ் ஆகிய நகரங்களின் நீர்த்தடத்தைக் கணக்கிட்டு 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சென்னைக்கு அப்படிச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மக்கள் என்ன உண்கிறார்கள், வாங்குகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவது; 2022-23 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் நகர்ப்புறத் தரவு அதற்கு நல்ல தொடக்கம். மற்றொன்று, நகருக்குள் வந்த சரக்கையும் உள்ளே விளைந்ததையும் கூட்டி, வெளியே போனதைக் கழிப்பது. நாட்டுக்குச் சுங்க எல்லை இருப்பதால் இரண்டாவது வழி எளிது; நகரத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் எடுக்கப்பட்டுவிட்டன. அவற்றுக்குப் பதிலாக வந்த இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு, வெளிமாநிலத்திலிருந்து வரும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கும் தமிழ்நாட்டுக்குள் போகும் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கும் வேண்டும் என்றாலும், வரிவிலக்குப் பெற்ற பொருட்களுக்குத் தேவையில்லை. காய்கறி, பால், சில்லறை அரிசி மட்டுமல்ல, நம் 26 கிலோ சிப்பமும் அந்த விலக்குக்குள் வருகிறது. ஆக, மறைநீரை அதிகம் சுமந்து வரும் பொருட்கள்தான் பதிவேடு எதிலும் ஏறாமல் வருகின்றன.

கோயம்பேடு சந்தையில் இறங்குவதெல்லாம் சென்னை உண்பதும் அல்ல. மதனப்பள்ளி, கோலார் தக்காளியும் நாசிக் வெங்காயமும் அங்கே கைமாறிச் சுற்றியுள்ள மாவட்டங்களுக்குப் போகின்றன. அவற்றைச் சென்னையின் கணக்கில் எழுதினால் நகரம் இரட்டிப்பாகக் குடிப்பதாகத் தோன்றும். எண்ணூர்த் துறைமுகத்தில் கப்பலேறும் கார்களோடு வெளியே போகும் நீரையும் ஒரு பத்தியில் கழிக்க வேண்டும். வரவு, செலவு, வழிப்போக்கு என்ற மூன்று பத்திகள் இல்லாத நகரக் கணக்கு முழுமையாகாது. தனிமனிதக் கணக்கி இவற்றைத் தொடுவதே இல்லை. அதற்காக உருவாக்கப்பட்டதும் அல்ல அது.

இருந்தாலும், இந்த அமைப்பின் அட்டவணைகள் மாநில வாரியாகவும் பிரிக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல. தமிழ்நாட்டு நெல்லுக்கு ஒரு வரி, ஆந்திர நெல்லுக்கு ஒரு வரி, மூன்று நிறங்களும் தனித்தனியே. எங்கள் சிப்பம் எந்த வரியில் சேரும் என்று தெரிந்துகொள்ள வழக்கமாக அரிசி வாங்கும் கடைக்குப் போனேன். பையின் வாயில் தைத்திருந்த சீட்டில் செங்குன்றம் ஆலை முகவரி இருந்தது.

"அண்ணாச்சி, இது எந்த ஊரு நெல்லு?"

"மில்லுதான் சார் செங்குன்றம். நெல்லு சீசனுக்கு ஒரு ஊரு. இப்ப ஓடுறது நெல்லூர்ச் சரக்கு. பொங்கல் கழிஞ்சா தஞ்சாவூர்ப் பக்கம் வரும். நடுவுல கர்நாடகாவும் உண்டு" என்றார். பிறகு ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் பரப்பி, "பழசா புதுசான்னு கேப்பாங்க, சோறு எப்படி வரும்னு கேப்பாங்க. எந்தத் தண்ணியில வெளஞ்சதுன்னு யாரும் கேட்டதில்ல" என்றார்.

நெல்லூரானால் பெண்ணாற்றுப் பாசனம். தஞ்சாவூரானால் மேட்டூர் திறந்த காவிரி, இல்லையேல் ஆழ்துளைக் கிணறு. சப்பாத்திக்கான கோதுமை பஞ்சாபிலிருந்து வந்தால், ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே போகும் நிலத்தடி நீர். ஒரே எண், வெவ்வேறு ஆறுகளில் வெவ்வேறு காயத்தை உண்டாக்குகிறது. பற்றாக்குறையான இடத்தில் எடுத்த லிட்டரும், வெள்ளமாக ஓடும் இடத்தில் எடுத்த லிட்டரும் ஒன்றாகாது என்று இந்த முறையை விமர்சிப்பவர்கள் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள். நீர்த்தடத்துக்கென்று 2014இல் வந்த ஐ.எஸ்.ஓ. 14046 தரமும், எடுத்த அளவோடு அதன் பாதிப்பையும் மதிப்பிடச் சொல்கிறது. கடைக்காரர் சொன்ன பதிலை நோட்டில் எழுதிய அன்று அந்த விமர்சனத்தின் நியாயம் எனக்கு முழுமையாக விளங்கியது.

எங்கள் குடியிருப்புக்கு லாரி வரும் பாதையிலும் இதன் மறுபக்கம் தெரிகிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் வயல் கிணறுகள் நெடுங்காலமாகவே நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்து வருகின்றன. கிணற்று நீரை விற்பது நெல்லை விற்பதைவிட ஆதாயம் என்றானபின் ஒரு வயல் தரிசாகிறது. அந்த வயல் தந்திருக்க வேண்டிய அரிசி நெல்லூரிலிருந்து வருகிறது. நேர்நீரும் மறைநீரும் இப்படி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நகரும்போது, இரண்டையும் ஒரே நோட்டில் எழுதாமல் நகரத்தின் தாகத்தை அளந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. குடிநீர் வாரியத்தின் கணக்கில் ஏரி மட்டம் இருக்கிறது, குழாய் அளவு இருக்கிறது, மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகளின் உற்பத்தி இருக்கிறது. சோற்றுக்கு ஒரு பத்தி இல்லை. அந்தப் பத்தியைத் தொடங்கும் துணிவை எனக்குத் தந்தது இந்த இலவசச் சேவைதான் என்பதால், குறைகளை எல்லாம் சொன்ன பிறகும் இதை மனமார வரவேற்கிறேன்.

முதன்முறை பார்க்கிறவர்கள் விரிவான கணக்கியை ஒருமுறை வீட்டாரோடு சேர்ந்து நிரப்பிப் பார்க்கலாம். வந்த விடையை யாருக்கும் அறிவுரையாகச் சொல்ல வேண்டாம். ஆசிரியர்களும் குடியிருப்புச் சங்கத்தினரும் நேராக மாநில வாரி அட்டவணைக்குப் போய், மொத்தப் பத்தியை மறைத்துவிட்டு நீலப் பத்தியிலிருந்து படிக்கத் தொடங்குவது நல்லது. நகரக் கணக்கை முயல்பவர்கள், தரவு 2005உடன் நிற்கிறது என்பதையும், அதற்குப் பிறகு விளைச்சலும் பாசனமும் மாறியிருக்கும் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

எங்கள் குடியிருப்பின் 48 வீடுகளில் பதினொரு வீட்டார் இப்போது மளிகைச் சீட்டை மாதக் கடைசியில் எனக்குப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். பொருள், எடை, நீல நீர் ஆகிய பத்திகளை நான் அன்றே நிரப்பிவிடுகிறேன். 'எந்த ஊர், என்ன பாசனம்' என்ற நான்காவது பத்தியில் பாதிக்கு மேல் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. தஞ்சாவூர் நெல் வந்ததும் தகவல் சொல்வதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.